வயலுக்குத் திரும்பி வராத ஆராய்ச்சி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். வெள்ளாமை செய்கிறவர்கள், கம்பஸில் படிக்கிற பிள்ளைகள், ஓ.எல் முடித்த பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் இதில் சொல்ல ஏதோ இருக்கிறது.

போன வாரம் என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். பிள்ளை சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் எடுக்க விரும்புகிறாள். விவசாயப் பாடத்தில் அவளுக்கு உண்மையான ஆர்வம். வாப்பாவுக்கு விருப்பம் இல்லை. அவர் என்னிடம் கேட்டது இதுதான்:

"டீச்சர், நான் முப்பது வருசமா சேத்துக்குள்ள நிக்கிறன். கண்ட மிச்சம் கடன்தான். என்ட புள்ளயும் வெள்ளாமையப் படிக்கவா நான் கம்பசுக்கு அனுப்பணும்?"

கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. கண் கலங்கிக் கேட்டார். அந்த நேரம் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. "யோசிப்பம் நானா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்தப் பதிவு அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, பத்து வருடமாக விவசாயமும் உணவுத் தொழில்நுட்பமும் பாடம் படிப்பிக்கிறேன். என் வாப்பாவும் விவசாயிதான். மூன்று ஏக்கர், கல்லோயாத் தண்ணீர், வாய்க்காலின் கடைசிக் கண்டம். ஆகவே புத்தகத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2021 ஐ நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் படிப்படியாகச் செய்வதாகச் சொன்ன மாற்றத்தை ஒரே இரவில் செய்யப் பார்த்தார்கள். பிறகு சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் கிருமி இருப்பதாகத் திருப்பி அனுப்பியதும், இந்தியாவிலிருந்து திரவ நனோ நைதரசன் வந்து இறங்கியதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனால் பெரும்போகம் கைவிட்டுப் போயிருந்தது. 2020 இல் நாட்டின் நெல் உற்பத்தி 51 இலட்சம் மெட்ரிக் தொன். 2022 இல் சுமார் 34 இலட்சம். எங்கள் மூன்று ஏக்கரில் வழமையாக வருகிற மூடையில் பாதியும் வரவில்லை. உம்மாவின் காப்பு ஒன்று அந்தப் போகத்தோடு போனது. அது இன்னும் மீளவில்லை.

அந்த நேரம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கரும்பலகையில் ஒரு கணக்குச் செய்தோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அப்படியென்றால் 50 கிலோ மூடையில் 23 கிலோ. கூட்டெருவில் நூறு கிலோவுக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோதான். ஒரு மூடை யூரியாவின் நைதரசனைக் கூட்டெருவால் கொடுக்க ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டு தொன்னுக்கு மேல் தேவை. இவ்வளவு எருவை எங்கே எடுப்பது, எப்படி ஏற்றுவது, யார் பரப்புவது? பிள்ளைகளே கேட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கிய கணக்கு அது.

பல்கலைக்கழக விவசாய பீடங்களில் உள்ளவர்கள் இதை அப்போதே சொன்னார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாக எச்சரித்தவர்களில் ஒருவர். அவரை விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கினார்கள். சேதனப் பசளை கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. மண்ணுக்கு அது வேண்டும், ஆனால் மாற்றத்துக்குக் காலம் வேண்டும், ஆராய்ச்சி வேண்டும் என்றுதான் சொன்னார்கள். படித்தவன் பேச்சைக் கேட்காததற்கு விலை கொடுத்தது கொழும்பில் இருப்பவர்கள் மாத்திரமா? எங்கள் வட்டைகளும்தான் கொடுத்தன.

ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு விடயம். வாப்பா விதைக்கிற நெல் பீ.ஜீ. அந்த இரண்டு எழுத்தும் குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கிறது. ஏ.டீ என்றால் அம்பலாந்தோட்டை. 300 என்று தொடங்கினால் மூன்று மாதம், 350 என்று தொடங்கினால் மூன்றரை மாதம். இதெல்லாம் எங்கள் விவசாயிகளுக்கு அத்துப்படி. ஆனால் அதன் பின்னால் எத்தனை வருட உழைப்பு இருக்கிறது என்று நாங்கள் யோசிப்பதில்லை. பத்தலகொட நிலையம் 1952 இல் தொடங்கியது. 1950களின் இறுதியில் அங்கிருந்து வந்த எச் 4 நெல்லின் ஒரு பெற்றோர் முருங்கைக்காயன் என்ற எங்கள் பழைய நெல். மற்றது இந்தோனேசிய நெல். மூத்தாப்பாமார் விதைத்த நெல்லையும் கடல் கடந்து வந்த நெல்லையும் சேர்த்துத்தான் அதை உருவாக்கினார்கள். அப்போது ஹெக்டயருக்கு இரண்டு தொன்னை எட்டாத விளைச்சல் இன்று நான்கு தொன்னைத் தாண்டி நிற்கிறது.

வாப்பா ஒரு நாளும் பத்தலகொடயைப் பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் சாப்பிட்டுப் படித்த சோறு அங்கிருந்து வந்த விதையில் விளைந்தது.

அப்படியானால் பிரச்சினை எங்கே? விதை வந்த வேகத்தில் அறிவு வரவில்லை. அதுதான் பிரச்சினை.

யூரியாவையே எடுங்கள். தண்ணீர் நிற்கிற வயலில், வெயில் நேரத்தில் எறிகிற யூரியாவில் ஒரு பகுதி அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். இன்னொரு பகுதி மண்ணில் மாற்றமடைந்து வேறு வாயுவாகப் போகும், தண்ணீரோடும் போகும். போட்ட நைதரசனில் பாதிக்கு மேல் பெரும்பாலும் பயிருக்குச் சேர்வதில்லை. அதனால் ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். எப்போது போடுவது என்பதைப் பார்க்க இலை நிற அட்டை என்று ஒன்று இருக்கிறது. பச்சை நிறங்களை வரிசையாகக் கொண்ட ஒரு பிளாஸ்டிக் துண்டுதான். இலையை அதோடு ஒப்பிட்டு, வெளிறி இருந்தால் போடலாம், கடும் பச்சையாக இருந்தால் பொறுக்கலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய மலிவான சாமான். உங்கள் வட்டையில் எத்தனை பேரிடம் இருக்கிறது?

நாங்கள் என்ன செய்கிறோம்? பக்கத்து வயல் பச்சையாகத் தெரிந்தால் இன்னும் அரை மூடை எறிகிறோம். பயிர் கொழுத்து நிற்கும். அந்தக் கொழுத்த பயிருக்குத்தான் அறக்கொட்டி தேடி வரும், எரிபந்த நோயும் வரும். பிறகு மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் இரண்டு போத்தலைக் கலந்து அடிக்கச் சொல்வார். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் வியாபாரி. ஆனால் நோயாளிக்கு மருந்து எழுதுகிறவரும் மருந்தை விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். 1920 இலக்கத்துக்கு அழைத்தால் விவசாயத் திணைக்களத்திடமே கேட்கலாம். கேட்கிறோமா?

இப்போது மறுபக்கம். இதைச் சொல்லாவிட்டால் நான் நியாயமாக எழுதியவள் ஆக மாட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இறுதி வருட மாணவர்கள் எங்கள் வட்டைக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வாப்பா கரைவரைக்கும் கூட்டிப் போய்க் காட்டினார். மண் எடுத்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், நாற்பது கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். உம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. போகும்போது, "முடிவு வந்ததும் சொல்றம் வாப்பா" என்றார்கள். அடுத்த போகம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வாப்பா என்னிடம் மூன்று முறை கேட்டார்: "புள்ள, அந்த மண்ணுக்கு என்னவாம்?" எனக்குத் தெரியவில்லை. அந்த ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, புள்ளி வாங்கி, எங்கேயோ ஒரு நூலகத்தில் இருக்கும். மண் எங்களுடையது. அதன் முடிவை வாசிக்க எங்களுக்கு வழி இல்லை.

இதற்குப் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. விரிவுரையாளருக்குப் பதவி உயர்வு கிடைப்பது ஆய்விதழில் வெளிவந்த கட்டுரைக்கு. விவசாயிக்கு விளங்கப்படுத்தியதற்கு அங்கே புள்ளி குறைவு. மாணவனுக்கும் அப்படித்தான். ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் வந்த வழியே திரும்பி வருவதில்லை.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அதற்கு அத்தாட்சி வேறெங்கும் இல்லை, எங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இது தெரியாது, வயதானவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் நிலைமை மோசம். வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, மேலே இருப்பவர் வேண்டியமட்டும் தண்ணீர் எடுக்க, கீழே கடைசிக் கண்டங்கள் காய்ந்து கிடந்தன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் அதில் முக்கியமானவர். 1981 இல் இளம் பட்டதாரிகளை அந்த ஊர்களுக்கு அனுப்பினார்கள். வினாக்கொத்து நிரப்பிக்கொண்டு பின்னேரம் பஸ் ஏறுவதற்கு இல்லை. அங்கேயே தங்கி, வயல் வயலாக நடந்து, விவசாயிகளோடு பேசி, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்களை ஒரு சிறு குழுவாகச் சேர்ப்பதற்கு.

முதலில் வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கினார்கள். பிறகு முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விடயம். மேலே இருந்தவர்கள் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். மேலே பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசி முனையில் தமிழ் பேசும் விவசாயிகள். நாட்டில் இனங்களுக்கிடையே நெருப்பு மூண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் இறங்கி வந்தது. அதைப் பற்றி அப்ஹொஃப் 1992 இல் ஒரு புத்தகமே எழுதினார். விவசாயிகள் சேர்ந்து நீரை முகாமை செய்வது 1988 இல் அரசாங்கத்தின் கொள்கையாகவும் ஆனது. இன்று நாங்கள் விவசாய அமைப்பு என்று கூடிப் பேசுகிறோமே, அதன் வேரில் ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த புது இயந்திரம் என்ன? ஒன்றுமில்லை. காது கொடுத்துக் கேட்கிற இளைஞர்கள் இருந்தால் விவசாயியே வழி கண்டுபிடிப்பான் என்ற நம்பிக்கைதான்.

இனி நான் செய்த ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன். பெருமைக்கு இல்லை.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டியதில்லை, விட்டு விட்டுப் பாய்ச்சலாம் என்று ஆராய்ச்சி சொல்கிறது. அதைப் பார்க்க ஒரு குழாய் போதும். ஒரு அடி அளவு பி.வி.சி குழாய், பக்கமெல்லாம் ஓட்டை. பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைத்து, உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிவிட்டால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மேல்மண்ணிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கும் வரைக்கும் பயிருக்குப் பயமில்லை. வேர் எட்டி எடுத்துக்கொள்ளும். பிறகு 5 சென்ரிமீற்றர் நிற்கப் பாய்ச்சினால் சரி. ஆரம்பத்தில் களைக்காகத் தண்ணீர் நிற்க வேண்டும். பூக்கிற காலத்தில் காய விடவே கூடாது. இந்த முறையால் 30 வீதம் வரை தண்ணீர் மிஞ்சலாம் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. நீர் நிற்கிற வயலிலிருந்து கிளம்புகிற மீதேன் வாயுவும் குறைகிறது.

என் மாணவர்கள் நாலு பேர் மிஞ்சிய குழாய்த் துண்டுகளில் ஓட்டை போட்டுச் செய்தார்கள். வாப்பாவின் ஒரு கண்டத்தில் வைத்தோம். வாப்பா சிரித்தார். "வெடிச்சா ஒங்கட மாஸ்டர்மார் வந்து நட்டஈடு தருவாங்களா?" என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் இடம் தந்தார். மேலே ஈரம் காய்ந்ததும் அவருக்குக் கை துடிக்கும், வக்கடையைத் திறக்கப் போவார். குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்து, "இன்னும் இரிக்கி" என்று திரும்பி வருவார். அந்தப் போகத்தில் அந்தக் கண்டத்துக்கு மட்டும் நாலு தடவை குறைவாகத் தண்ணீர் விட்டோம். மற்றக் கண்டங்களை விட நெல் குறையவில்லை. ஒரு கண்டம், ஒரு போகம். இதை வைத்து நான் பெரிதாக எதையும் நிறுவ வரவில்லை.

ஆனால் வாப்பா சொன்ன ஒரு வார்த்தை என்னை யோசிக்க வைத்தது. "புள்ள, வாய்க்கால் தண்ணிக்கு நாம காசு கட்டுறல்ல. மிச்சம் புடிச்சா ஆருக்கு லாபம்? மேல இரிக்கிறவன் இத வெச்சாத்தான் கீழ இரிக்கிற நமக்கு லாபம்."

பாருங்கள், எழுத்து வாசனை குறைந்த மனிதர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். குழாய் மட்டும் போதாது. கூடிச் செய்தால்தான் பலன். கோர்னெல்காரர்கள் இங்கு வந்து கண்டதும் அதுதான். மார்க்கமும் இதை எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, சிரமப்பட்டு நீர் இறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒன்று என்று ஸகாத்தையே தண்ணீரின் சிரமத்தைப் பார்த்து வகுத்த மார்க்கம் இது. தண்ணீருக்குக் கணக்குப் பார்ப்பது எங்களுக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

ஆகவே என் அபிப்பிராயத்தை மூன்று பக்கத்துக்கும் சொல்கிறேன்.

கம்பஸில் இருப்பவர்களுக்கு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எங்கள் வாசலில் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள், எங்கள் மருமக்கள், எங்கள் பழைய மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள், படிப்பிக்கிறார்கள். உங்களிடம் கேட்பது பெரிய விடயம் இல்லை. எந்த வட்டையில் ஆய்வு செய்தாலும் முடிவைத் தமிழில் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி அந்த விவசாயியின் கையில் கொடுங்கள். சரிவரவில்லை என்றால் சரிவரவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் எங்களுக்கு அறிவுதான்.

விவசாய அமைப்புகளுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, யார் வட்டவிதானை என்பதோடு கூட்டம் முடிகிறது. அரை மணித்தியாலம் ஒதுக்கி ஒரு ஆராய்ச்சியாளரைப் பேச வையுங்கள். அவர் பேசி முடிந்ததும் நீங்கள் கேள்வி கேளுங்கள். வட்டைக்கு ஒரு கண்டத்தைப் பரீட்சார்த்தத்துக்கு விட்டுக் கொடுங்கள். அந்த ஒரு கண்டத்தில் நட்டம் வந்தால் எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வாப்பா கேட்ட நட்டஈட்டுக் கேள்விக்கு அதுதான் பதில். ஒரு விவசாயி தனியே தலையைக் கொடுக்க மாட்டான், கொடுக்கவும் கூடாது.

எங்களுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும். 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. இவ்வளவு காலம் போயும் "கணிதம், விஞ்ஞானம் சரிவராத புள்ளைகள் போற இடம்" என்றுதான் நாங்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் அறையில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன், சில வேளை மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். அது என் பிழை. 2018 இல் சேனா படைப்புழு நாட்டுக்குள் வந்தபோது முதலில் தெரிந்தது எங்கள் அம்பாறை மாவட்டத்துச் சோளத்தில். நாளைக்கு வேறொரு புழு வரும், வேறொரு வரட்சி வரும், வேறொரு அரசாங்கம் வேறொரு தடையோடு வரும். அந்த நேரம் எங்கள் பாஷையில், எங்கள் வாய்க்கால் தெரிந்து பேச ஆள் வேண்டாமா? எல்லாப் பிள்ளையையும் டொக்டராக்க நினைத்தால் சோற்றுக்கு யார் பொறுப்பு?

இனி அந்த வாப்பாவுக்கு.

நானா, நீங்கள் கேட்ட கேள்வி பிழையில்லை. நீங்கள் பட்ட கஷ்டத்தைப் பிள்ளை படக் கூடாது என்று நினைப்பது தகப்பனின் மனம். ஆனால் உங்கள் மகள் படிக்கப் போவது நீங்கள் செய்த வெள்ளாமையை அப்படியே செய்வதற்கு இல்லை. உங்கள் முப்பது வருடமும் ஏன் கடனில் முடிந்தது என்று கண்டுபிடிப்பதற்கு. படித்து முடித்தால் கட்டாயம் நல்ல வேலை கிடைக்கும் என்று நான் உங்களிடம் சத்தியம் பண்ண மாட்டேன். எந்தப் பாடத்துக்கும் இன்று அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மண்ணை எடுத்துப் போய்த் திரும்பி வராத பிள்ளையாக அவள் இருக்க மாட்டாள். அவளுக்கு அந்த வீடு தெரியும், அந்த வரம்பு தெரியும். "வாப்பா, மண்ணுக்கு இதுதான் பிரச்சினை" என்று வந்து சொல்வாள்.

அடுத்த வாரம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கு முதல் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை வாருங்கள். இந்த முறை பதிலோடு இருக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளின் கல்வியிலும் எங்கள் வெள்ளாமையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.